கொம்ப்ரெசர் போட்டா குரல் முன்னால வரணும், தப்பு வருதே?

தப்புச்சத்தம் | பெப்ரவரி 19, இரவு 10.12

மலையகத்துக் காமன் கூத்துப் பாட்டு ஆறு பதிவு செய்திருக்கிறோம். ஒரு பாடகர், இரண்டு தப்பு (பறை மேளம்), ஓர் உறுமி மேளம், எல்லாம் ஒரே அறையில். பாடகருக்கு எஸ்எம்58 மைக், தப்புக்கும் உறுமிக்கும் சேர்த்து இன்னொரு மைக். குரல் ஒரு வரியில் காதைக் கிழிக்கிறது, அடுத்த வரியில் ஆளையே காணோம். குரல் ட்ராக்கில் ரீப்பர் மென்பொருளின் கொம்ப்ரெசர் (உரத்ததை அமுக்கும் கருவி) ரீகொம்ப் போட்டேன்: த்ரெஷோல்ட் (அமுக்கம் தொடங்கும் மட்டம்) -30, ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 6:1, அட்டாக் (பிடிக்க எடுக்கும் நேரம்) 1 மில்லிசெக்கன், ரிலீஸ் (பிடியை விட எடுக்கும் நேரம்) 40, மேக்கப் (அமுக்கிய பிறகு மொத்தமாகத் தூக்குவது) ஓட்டோ. கொம்ப்ரெசர் போட்டால் குரல் முன்னால் வரும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எனக்கு வந்தது தப்பு. இரண்டு அர்த்தத்திலும்.

மிக்ஸ்மேசை | பெப்ரவரி 19, இரவு 11.40

கொம்ப்ரெசருக்குக் குரல் எது, தப்பு எது என்று தெரியாது. மட்டம் மட்டும்தான் தெரியும். உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம்.

குரல் -8 டெசிபலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (0தான் உச்சம்). த்ரெஷோல்டுக்கு மேல் 22 டெசிபல். 6:1 அதை 3.7 ஆக்கும். குரல் இப்போது -26.3. அதே மைக்கில் தப்பு -28இல் கசிகிறது என்றால், த்ரெஷோல்டுக்கு மேல் வெறும் 2. அது கிட்டத்தட்ட அப்படியே, -29.7இல் நிற்கும். முன்பு குரலுக்கும் தப்புக்கும் 20 டெசிபல் இடைவெளி. இப்போது 3.4. அதன்மேல் ஓட்டோ மேக்கப் இரண்டையும் சேர்த்துத் தூக்குகிறது. தப்பு முன்னால் வராமல் என்ன செய்யும்?

முதல் வேலை: ஓட்டோ மேக்கப்பை நிறுத்துங்கள். த்ரெஷோல்டை -18க்கு ஏற்றுங்கள், ரேஷியோ 3:1. அமுக்கத்தைக் காட்டும் முள் 4 டெசிபலுக்கு மேல் இறங்கக்கூடாது. அப்போதும் குரல் ஏறி இறங்கினால் அது கொம்ப்ரெசர் வேலையே இல்லை, கைவேலை. வரிவரியாக வெட்டி (ரீப்பரில் எஸ் விசை) ஒவ்வொரு துண்டின் வொலியூமையும் கையால் சமப்படுத்துங்கள். வரிக்கு வரி 5, 6 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இல்லாத அளவுக்கு வந்த பிறகுதான் கொம்ப்ரெசர். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போகும். போகட்டும்.

மிக்ஸ்மேசை | பெப்ரவரி 20, காலை 6.25

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. குரலும் தப்பும் ஒரே கணத்தில் வந்தால் இரண்டும் ஒரே அளவுதான் குறையும், அந்தக் கணத்தில் இடைவெளி மாறாது. 20 என்பது 3.4 ஆகிறது என்ற கணக்கு, பாடகர் நிறுத்திய இடத்தில் வரும் தப்புக்கு மட்டும். ஆனால் உங்களை உறுத்துவதும் அதுதான்: சொல் முடிந்ததும் தப்பு எழுகிறது, அடுத்த சொல் வந்ததும் அமுங்குகிறது. மூச்சு வாங்குகிற மாதிரி. ரிலீஸ் 40 என்பதால் அந்த மூச்சு ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்கும்.

இன்னொன்று. நெருப்பில் காய்ச்சியவுடன் தப்பின் அடி கூராக இருக்கும். பனியில் அரைமணி நேரம் போனால் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகும். ஆகவே முதல் பாட்டில் குரல் மைக்குக்குள் கசிகிற தப்பும் நான்காவது பாட்டில் கசிகிற தப்பும் ஒன்றல்ல. ஒரு பாட்டுக்கு வைத்த த்ரெஷோல்டை ஆறுக்கும் நகல் எடுக்காதீர்கள். அடுத்த பதிவில் எத்தனையாவது பாட்டுக்கு முன் மறுபடி காய்ச்சினார்கள் என்று குறித்து வையுங்கள், மிக்ஸில் குழப்பம் பாதி குறையும்.

மைக் வைக்கும் இடமும் பாருங்கள். எஸ்எம்58 கார்டியொயிட், முன்பக்கம் கேட்டுப் பின்பக்கம் கேட்காத வகை. அதற்குச் செவிடான பக்கம் நேர் பின்னால், 180 பாகை. தப்பு அங்கே நிற்க வேண்டும், அதாவது பாடகருக்கு எதிரே. பாடகர் பக்கத்தில் நின்று அடித்தால் மைக் அதை நன்றாகவே கேட்கும். இன்னும் ஒடுங்கிக் கேட்கும் சூப்பர்கார்டியொயிட் என்றால் செவிட்டுப் பக்கம் ஏறத்தாழ 126 பாகை, ஹைப்பர் என்றால் 110. பின்னால் நிறுத்தினால் போதும் என்ற பழக்கம் அந்த மைக்குகளில் பலிக்காது.

தப்புச்சத்தம் | பெப்ரவரி 21, இரவு 9.05

வெட்டிச் சமப்படுத்தினேன். -18, 3:1 போட்டேன். தப்பு அடங்கியது. ஆனால் ‘கட்டி’, ‘பக்கம்’, ‘எட்டு’ மாதிரிச் சொல் வரும்போது ‘ட்டி’, ‘க்க’ மட்டும் கன்னத்தில் அறைகிற மாதிரி வருகிறது. ‘தன்னானே’ வரும் இடமெல்லாம் அழகாக இருக்கிறது. அட்டாக்கை 30 ஆக்கினால் இன்னும் மோசம்.

மிக்ஸ்மேசை | பெப்ரவரி 22, மாலை 5.50

நல்ல காது உங்களுக்கு. இந்தச் சிக்கலை ஆங்கில வீடியோக்களில் தேடினால் கிடைக்காது. இங்கிலீஷில் ஒரு சொல்லுக்குள் இரட்டை வல்லினம் கிடையாது. எழுத்தில் இரண்டு போடுவார்கள், வாயில் ஒன்றுதான்.

‘எட்டு’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எ முடிந்ததும் நாக்கு மேலே ஒட்டி வாய் அடைபடுகிறது. அந்த அடைப்பில் சத்தமே இல்லை. பாட்டில் அது 100 மில்லிசெக்கனும் அதற்கு மேலும் நீளும். பிறகு ‘டு’ வெடித்து வருகிறது. கொம்ப்ரெசருக்கு அந்த அமைதி என்ன மாதிரித் தெரியும்? ஆள் பாடுவதை நிறுத்திவிட்டார் என்று. உடனே பிடியை விடும். பிடி விட்ட நேரம் பார்த்து ‘டு’ வந்து விழும்.

கணக்காக: ‘எ’யில் 6 டெசிபல் அமுக்கி இருந்தது, அடைப்பு 100 மில்லிசெக்கன். ரிலீஸ் 50 என்றால் அந்த நேரத்துக்குள் 86 வீதம் விட்டுவிடும், 5 டெசிபலுக்கு மேல். ரிலீஸ் 250 என்றால் 33 வீதம், 2 டெசிபல்தான். ‘டு’ 5 டெசிபல் உயரத்தில் விழுவதற்கும் 2 டெசிபல் உயரத்தில் விழுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கன்னத்து அறை. அட்டாக்கை 30 ஆக்கியதும் வெடிப்பு முழுவதும் பிடிபடாமல் தப்பித்துப் போகிறது, அதனால் இன்னும் மோசம்.

‘தன்னானே’ அழகாக இருப்பதற்கும் இதே காரணம். அதில் இருப்பதெல்லாம் மெல்லினமும் உயிரும், தொடக்கத்துத் ‘த’ ஒன்றைத் தவிர. ‘ன்ன’வில் மூக்கு வழியே சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், மட்டம் விழாது, கொம்ப்ரெசர் பிடியை விடாது. இடையினமும் அப்படித்தான்: ய, ர, ல, வ, ழ, ள எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே ரிலீஸை ஒருநாளும் தன்னானேயில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். பாட்டில் ட்ட, க்க, ப்ப, த்த, ற்ற அதிகமுள்ள இரண்டு வரியை வளையத்தில் ஓடவிடுங்கள். பிறகு இப்படி:

ரேஷியோவை 20:1க்கு ஏற்றி, த்ரெஷோல்டை முள் 15 டெசிபல் விழும்வரை இறக்குங்கள். அசிங்கமாக இருக்கும், அதுதான் வேண்டும். ரிலீஸ் 40இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஓர் இடத்தில் ‘ட்டு’வின் அறைச்சல் அடங்கி, சொல்லோடு சொல் ஒட்டும். பெரும்பாலும் 180க்கும் 280க்கும் இடையில் கிடைக்கும். இன்னும் ஏற்றினால் வரியின் கடைசிச் சொல் எழும்பாமல் செத்துப் போகும், அங்கிருந்து திரும்புங்கள். அட்டாக்கை 5இலிருந்து 10க்குள் தேடுங்கள். 1 மில்லிசெக்கனில் வல்லினத்தின் முனை மழுங்கி ‘பக்கம்’ என்பது ‘பஹம்’ மாதிரி ஆகும். இரண்டும் பிடிபட்ட பிறகு ரேஷியோவை 3:1க்கும் த்ரெஷோல்டை 4 டெசிபல் குறைப்புக்கும் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

ஹோல்ட் குமிழ் உள்ள ப்ளகின் (மென்பொருளில் சேர்க்கும் கருவி) கையில் இருந்தால் இன்னும் எளிது. ஹோல்ட் 120, ரிலீஸ் 80. அடைப்பு முடியும்வரை பிடித்து வைத்திருந்துவிட்டுப் பிறகு சட்டென்று விடும்.

‘ச்ச’ தனிக்கதை. அடைப்புக்குப் பிறகு வருவது உரசல். அதற்கு உரசலை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸர்தான். பச்சை, உச்சி, மச்சான் வருகிற பாட்டு என்றால் டீ-எஸ்ஸரைக் கொம்ப்ரெசருக்கு முன்னால் போடுங்கள்.

மிக்ஸ்மேசை | பெப்ரவரி 22, மாலை 6.15

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார், ‘நீ’ என்ற குமிழ் யாரைச் சொல்கிறது என்று. உங்களை இல்லை. ஆங்கிலத்தில் ‘நீ’ என்றால் முழங்கால். த்ரெஷோல்டில் கோடு சட்டென்று மடிகிறதா, வளைந்து மடிகிறதா என்பது. குரலுக்கு 6 டெசிபல் அளவு வளைவு நல்லது.

பசறைப்பக்கம் | பெப்ரவரி 25, பகல் 1.30

இவ்வளவு சிரமம் எதற்கு? 1176 ப்ளகின் போட்டேன், அட்டாக் 7, ரிலீஸ் 7, மெதுவாக அழகாக வேலை செய்கிறது.

மிக்ஸ்மேசை | பெப்ரவரி 25, இரவு 8.20

7 என்பது அதில் மெதுவில்லை, உச்ச வேகம். அந்தக் குமிழ்கள் தலைகீழ். 1967இல் பில் புட்னம் வடிவமைத்த மூல 1176 கொம்ப்ரெசரே அப்படித்தான், ப்ளகின்காரர்களும் விசுவாசமாக அதையே வைத்திருக்கிறார்கள். 7இல் அட்டாக் 20 மைக்ரோசெக்கன், மில்லி இல்லை. 1இல் வைத்தாலே 800 மைக்ரோசெக்கன்தான். எவ்வளவு மெதுவாக்கினாலும் நான் மேலே சொன்ன 5 மில்லிசெக்கனைத் தொடாது. ரிலீஸ் 7இல் 50 மில்லிசெக்கன், 1இல் 1.1 செக்கன். த்ரெஷோல்ட் குமிழும் கிடையாது, இன்புட்டை ஏற்றினால் அமுக்கம் கூடும்.

உங்களுக்கு அழகாகக் கேட்கிறது என்றால் ஒன்று பாடகர் நல்ல பாடகர், அல்லது பாட்டில் வல்லினம் குறைவு. இதையே போட விருப்பம் என்றால் அட்டாக் 2 அல்லது 3, ரிலீஸ் 3 பக்கம், 4:1, முள் உரத்த இடத்தில் மட்டும் 3 டெசிபல். அதன் பின்னால் எல்ஏ-2ஏ வகைக் கொம்ப்ரெசர் ஒன்று. அது உள்ளே ஒளிரும் தகடும் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் மின்தடையும் கொண்ட கருவி, அட்டாக் 10 மில்லிசெக்கன் அளவு. ரிலீஸ் இரண்டு கட்டமாக நடக்கும்: பாதி 60 மில்லிசெக்கன் அளவில் திரும்பும், மீதி அரைச்செக்கனிலிருந்து சில செக்கன் வரை இழுக்கும். நீண்டநேரம் அமுக்கி இருந்தால் விடுவதும் நீளும். இரட்டை வல்லினத்துக்கு இந்த மந்தம் ஒத்துப்போகிறது. முன்னது முனையைப் பிடிக்க, பின்னது வரியைப் பிடிக்க. ஆளுக்கு 3 டெசிபல். ஒன்றே தனியாக 6 செய்வதைவிட இது காதுக்குத் தெரியாமல் நடக்கும்.

மிக்ஸ்மேசை | மார்ச் 3, இரவு 10.00

அறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) பதிவு என்றால், 10க்கு 12 அடி அறையில் சில ஸ்வரம் மட்டும் உப்பும். 12 அடி நீளத்துக்கு 46 ஹேர்ட்ஸும் அதன் இரட்டிப்பு 93உம், 10 அடி அகலத்துக்கு 56உம் 111உம். 46, 56 ஆண் குரலுக்குக் கீழே. 93உம் 111உம் கனத்த குரலின் அடித்தட்டில் விழும். அந்த ஸ்வரம் தொட்டதும் உப்பும், கொம்ப்ரெசர் அந்த உப்பலைப் பார்த்து முழுக்குரலையும் அமுக்கும். கேட்பவருக்கு, கீழ்ஸ்வரம் வரும்போதெல்லாம் சொல் தெளிவில்லாமல் போகும். பாடகரை அறையின் நடுவில் நிறுத்துங்கள். கொம்ப்ரெசரின் காதுக்கு மட்டும் (சைட்செயின்) 150க்குக் கீழே வெட்டுங்கள், குரலை வெட்ட வேண்டாம்.

மிக்ஸ்மேசை | மார்ச் 4, காலை 7.10

நடுவில் நிறுத்துங்கள் என்றது பிழை. நடுவில் 46உம் 56உம் அடங்கும், ஆனால் நம்மை வதைக்கும் 93உம் 111உம் அங்கேதான் உச்சம். அவை அடங்குவது கால்பங்கில்: 12 அடி நீளவாட்டில் சுவரிலிருந்து 3 அடி, 10 அடி அகலவாட்டில் சுவரிலிருந்து இரண்டரை அடி. மைக் அங்கே. சுவர் கிட்ட இருப்பதால் எதிரொலி வரும், அதற்குக் கம்பளியைப் பாடகரின் முதுகுப்பக்கம் தொங்கவிடுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள், மைக்கின் செவிட்டுப் பக்கத்துக்குக் கம்பளி எதற்கு? சுவருக்கும் கம்பளிக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். 93ஐக் கம்பளி ஒன்றும் செய்யாது, மேல் ஸ்வரங்களின் தெறிப்பைத்தான் குடிக்கும்.

தூரத்தையும் கையால் அளந்து வையுங்கள். 10 சென்ரிமீற்றர் 20 ஆனால் 6 டெசிபல் விழும். கூத்து மாஸ்டர்மார் தலையை ஆட்டிப் பாடுவார்கள், ஆட்டட்டும், ஆனால் 10இல் ஆடினால் ஏற்ற இறக்கம் பயங்கரம். 20இல் ஆடினால் அதே அசைவு பாதி வித்தியாசம்தான் செய்யும்.

கொயர்பெட்டி | மார்ச் 16, இரவு 7.45

ஓடாசிட்டி மென்பொருளில் இந்த எண்களைப் போட முடியவில்லை. அட்டாக் 0.1 செக்கனுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது.

மிக்ஸ்மேசை | மார்ச் 16, இரவு 8.02

பழைய பதிப்பு. அதில் அட்டாக் 100 மில்லிசெக்கனுக்குக் கீழும் ரிலீஸ் 1 செக்கனுக்குக் கீழும் போகாது. பேச்சின் மட்டத்தை மெதுவாகச் சரிசெய்ய ஆகும், பாட்டின் வல்லினத்தைப் பிடிக்காது. 3.6இலிருந்து புதிய கொம்ப்ரெசர் வந்துவிட்டது, ஓடவிட்டபடியே திருகலாம்.

தப்புச்சத்தம் | மார்ச் 28, இரவு 11.15

ஐந்து பாட்டு முடிந்தது. ஆறாவது ரதியின் ஒப்பாரி. எந்த எண் போட்டாலும் அழுகை பொய்யாகிறது.

மிக்ஸ்மேசை | மார்ச் 29, காலை 6.40

ஒப்பாரிக்குக் கொம்ப்ரெசர் போடாதீர்கள். காமன் எரிந்துபோய்க் கிடக்கிறான், ரதி புலம்புகிறாள். குரல் உடைவதும் அடங்குவதும் திடீரென்று எழுவதும்தான் பாட்டு. விசும்பலுக்கு முன்னால் இழுக்கிற மூச்சைக் கொம்ப்ரெசர் பாட்டின் மட்டத்துக்குத் தூக்கிவிடும், விசும்பலை அமுக்கிவிடும். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றால் யார் நம்புவார்? கையால் மட்டும் ஏற்றி இறக்குங்கள்.

மிக்ஸ்மேசை | மார்ச் 29, இரவு 9.30

காலையில் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் அடங்கிய வரிகள் அறவே கேட்காது, கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஃபோனில்தான் கேட்பார்கள். இணையாகச் செய்யுங்கள்: குரல் ட்ராக்கை நகல் எடுத்து, நகலை மட்டும் 10:1, 12 டெசிபல் குறைப்புக்கு நசுக்குங்கள். 150க்குக் கீழே வெட்டி, மேலேயும் 6000இல் வெட்டுங்கள், மூச்சின் உரசல் குறையும். அந்த நகலை அசலுக்கு 12 டெசிபல் கீழே வைத்துச் சேருங்கள். உரத்த இடத்தில் அசல் அதை மூடிவிடும், அடங்கிய இடத்தில் நகல் கீழேயிருந்து தாங்கும். விசும்பலின் உச்சியை யாரும் தொடவில்லை.

யூடியூபுக்கு என்று மேலும் நசுக்க வேண்டாம். அது -14 லஃப்ஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு உரத்ததை இறக்கிவிடும், நசுக்கியதன் பலன் மிஞ்சாது. கோயிலில் கூம்பு ஸ்பீக்கருக்குப் போகிற பிரதி என்றால் வேறு: அது அடியும் முடியும் இல்லாமல் நடுவை மட்டும் கத்தும், அங்கே இன்னும் 3 டெசிபல் அமுக்கலாம்.

பசறைப்பக்கம் | மே 30, இரவு 8.50

தகரத்தில் மழை. குரலுக்குப் பின்னால் ‘சோ’ என்று. கேட் (மட்டம் விழுந்தால் ஒலியை அடைக்கும் கருவி) போட்டால் சொல் வரும்போது மட்டும் மழை பெய்கிறது!

மிக்ஸ்மேசை | மே 30, இரவு 10.20

இந்த மாதத்தில் பசறையில் மழையா? அட்டன், மஸ்கெலியா பக்கத்துக்குத்தான் இது பருவம், மேயிலிருந்து செப்டம்பர் வரை. உங்கள் பக்கம் ஒக்டோபர் கடைசியிலிருந்து. சரி, எங்கே பதிவு செய்தால் என்ன.

கேட்டை எடுங்கள். விடாமல் பெய்கிற மழையைக் காது ஐந்து செக்கனில் மறந்துவிடும், விட்டுவிட்டுப் பெய்கிற மழையை மறக்காது. மழை -45இல் இருந்து, நீங்கள் மேக்கப்பில் 8 ஏற்றினால் இடைவெளிகளில் -37. ஏற்றாமல் இருந்தால் -45. ஆகவே கொம்ப்ரெசரில் 2 டெசிபலுக்கு மேல் வேண்டாம், மிச்சமெல்லாம் கைவேலை. கட்டாயம் என்றால் கேட்டுக்குப் பதிலாக, அடைக்காமல் மெல்லக் குறைக்கும் எக்ஸ்பாண்டர், 1.5:1, அதிகபட்சக் குறைப்பு 6 டெசிபல், ரிலீஸ் 400. மறுபடி பதிவு செய்ய வழியிருந்தால் தகரத்தின் மேல் சாக்கு விரியுங்கள், துளியின் அறைச்சல் மட்டுப்படும்.

மழைநாளில் இன்னும் இரண்டு. கொண்டென்சர் மைக்கைக் குளிரிலிருந்து கொண்டுவந்த உடன் இணைக்காதீர்கள், உள்ளே ஈரம் படிந்து ‘பட் பட்’ என்னும். உறைக்குள்ளேயே அறைச்சூட்டுக்கு வரட்டும். லெப்டொப் சார்ஜருக்கு எர்த் இல்லாவிட்டால் பதிவின்போது பிடுங்கிவிட்டு பற்றரியில் ஓட்டுங்கள். 50உம் 100உமாய் முனகுகிற இரைச்சலையும் கொம்ப்ரெசர் மழையைப் போலவே அன்போடு தூக்கிக் கொடுக்கும்.

மிக்ஸ்மேசை | ஜூன் 2, மாலை 6.00

பெப்ரவரி 22 குறிப்பில் 180, 280 என்று எண் கொடுத்திருந்தேன். அந்த எண்களை அப்படியே தட்டுகிறவர்களுக்கு: எல்லா ப்ளகினுக்கும் ரிலீஸ் 250 ஒன்றல்ல. ஒருவர் 63 வீதம் திரும்பும் நேரத்தைச் சொல்வார், இன்னொருவர் முழுவதும் திரும்பும் நேரத்தைச் சொல்வார். உங்களுடையதை அளந்து பாருங்கள். 1000 ஹேர்ட்ஸ் ஒலி, 2 செக்கன் -6இல், தொடர்ந்து 2 செக்கன் -26இல். த்ரெஷோல்ட் -18, ரேஷியோ 4:1, முழங்கால் 0, மேக்கப் 0. முதல் பகுதியில் 9 டெசிபல் அமுங்கும். ரெண்டர் செய்து பாருங்கள்: மட்டம் விழுந்த கணத்தில் -35இல் தொடங்கி -26க்கு ஏறும். -29.3ஐத் தொட எடுக்கிற நேரம்தான் நான் கணக்குப் போட்ட ரிலீஸ்.

தப்புச்சத்தம் | ஜூன் 4, இரவு 9.35

இப்போது பாவிக்கிற இலவச ப்ளகினை அளந்தேன். 250 போட்டால் 160தான் வருகிறது.

மிக்ஸ்மேசை | ஜூன் 4, இரவு 9.41

390 போடுங்கள். ‘ட்டு’ வருகிற அந்த இரண்டு வரியை மறுபடி கேளுங்கள்.